மின்தடைக்குப் பின் நூலகச் சர்வர் எழவில்லை: எஃப்எஸ்சிகே கேட்கும் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

ஏட்டுச்சுவடி
திங்கள், இரவு 9.40

வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறிய கலைக் கல்லூரியின் நூலகர் நான். படித்தது நூலக அறிவியல், கணினி அல்ல. எங்கள் கோஹா (நூலக மேலாண்மை மென்பொருள்) சர்வரை நிறுவிக் கொடுத்த மாணவன் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டதால் ஆறு ஆண்டுகளாக நானே அதைப் பார்த்துக்கொள்கிறேன். அவன் எனக்காக நாற்பது பக்க நோட்டு ஒன்று எழுதி வைத்துவிட்டுப் போனான். அதன் 31-ஆம் பக்கத்தில் "வட்டு பழுதானால்" என்று தலைப்பு மட்டும் இருக்கிறது. கீழே ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் மாலை 5 வரை. முன்கூட்டியே தெரிந்தால் வெள்ளி மாலையே சர்வரை முறையாக அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். இந்த முறை செய்தித்தாளில் அந்த அறிவிப்பைச் சனிக்கிழமை காலைக் காப்பியோடுதான் பார்த்தேன். கல்லூரிக்குத் தொலைபேசியில் சொல்வதற்குள் மணி ஒன்பது ஆகிவிட்டது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியிருக்கிறது. அலுவலக உதவியாளர் நல்ல எண்ணத்தில்தான் உள்ளே போயிருக்கிறார். யுபிஎஸ்ஸின் பொத்தானுக்குப் பதில் சர்வரின் பொத்தானை, விளக்கு அணையும் வரை விடாமல் அழுத்திப் பிடித்திருக்கிறார். பிற்பகலில் ஜெனரேட்டர் போட்டபோது இயந்திரம் தானாக எழுந்து, தானாக அணைந்து, மூன்று முறை இப்படி ஆனதாம்.

இன்று காலை வந்து பார்த்தால் கருப்புத் திரை. சூடோ ஒன்றும் வேலை செய்யவில்லை. இனிட்ராம்எஃப்எஸ் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லும் அதன் அருகில் துடிக்கும் கோடும் மட்டும்தான். அதற்கு மேலே, எஸ்டிஏ2-வில் எதிர்பாராத முரண்பாடு, எஃப்எஸ்சிகே-வை (கோப்பு முறைமையைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளை) கையால் ஓட்டுங்கள் என்ற பொருளில் இரண்டு வரிகள்.

கணினி ஆய்வகத்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எஃப்எஸ்சிகே-வை ஓட்டினேன். சரிசெய்யவா, சரிசெய்யவா என்று நான்கு முறை கேட்டது. நான்கு முறையும் ஒய் அடித்தேன். ஐந்தாவதாக வந்த கேள்வி வேறு மாதிரி இருந்தது. வட்டில் 1048611 என்ற எண்ணுள்ள பிளாக்கைப் படிக்க முடியவில்லை, உள்ளீடு-வெளியீட்டுப் பிழை, பிழையைப் பொருட்படுத்தாமல் போகவா என்றது. ஒய். உடனே அடுத்த கேள்வி: வலிந்து திரும்ப எழுதவா?

எதை எழுதப் போகிறது? படிக்கவே முடியாத இடத்தில் எழுதுவதற்கு அதனிடம் என்ன இருக்கிறது? கை நின்றுவிட்டது. கன்ட்ரோல்-சி அடித்து வெளியே வந்து இயந்திரத்தை அணைத்துவிட்டேன். நண்பருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்.

டெபியன் 11 லினக்ஸ், ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, ஒரே ஒரு 1 டெராபைட் சுழலும் வன்தட்டு. சுமார் 42,000 நூல்களின் பதிவுகள், மாணவர் கணக்குகள், யார் எதை எடுத்துப் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில்தான். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் குடும்பம் 1,180 நூல்கள் கொடுத்தது. இரண்டு மாதம் உட்கார்ந்து அவற்றைப் பட்டியலிட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குத்தான் முழுவதையும் உள்ளே ஏற்றினேன். காப்புநகல்? தினமும் தானாக எடுக்கிறது என்று நோட்டில் இருக்கிறது. எங்கே எடுத்து வைக்கிறது என்று இன்றுதான் தேடிப் பார்த்தேன். அதே வட்டில்.

அந்தக் கேள்விக்கு ஒய்யா (ஆம்), என்னா (இல்லை)? யாராவது சொல்லுங்கள்.


வேகத்தடை
திங்கள், இரவு 10.05

அம்மா, இவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. ஒய் என்ற தெரிவோடு எஃப்எஸ்சிகே-வை ஓட்டிவிட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். எல்லாக் கேள்விக்கும் அதுவே ஆம் சொல்லிக்கொள்ளும். எங்கள் அலுவலகத்தில் மின்சாரம் போய் வரும் போதெல்லாம் இதைத்தான் செய்கிறோம். ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. ஜர்னல் எதற்கு இருக்கிறது?


இரவுப்பணி
திங்கள், இரவு 11.20

அம்மா, "என்" எழுத்தை, அதாவது இல்லை என்று, அடியுங்கள். சரியாகச் சொன்னால் ஒன்றுமே அடிக்காதீர்கள், அந்த இயந்திரத்தை இனி இயக்கவே வேண்டாம். நீங்கள் கை எடுத்த இடம்தான் எடுக்க வேண்டிய இடம்.

வேகத்தடை சொல்வது பத்தில் ஒன்பது முறை சரி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நானும் சிறுசேரியில் ஒரு தரவு மையத்தில் ராத்திரி முழுக்க அதைத்தான் செய்கிறேன். வட்டு நலமாக இருந்து, கோப்பு முறைமையின் கணக்கு மட்டும் குழம்பியிருந்தால் ஒய் போதும். இங்கே கதை வேறு. உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்பது கணக்குக் குழப்பம் அல்ல, வட்டு அந்த இடத்தைப் படித்துக் கொடுக்க மறுக்கிறது. "வலிந்து திரும்ப எழுதவா" என்பதற்கு ஆம் என்றால், படிக்க முடியாமல் போன பிளாக்குக்காகத் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் வெற்றையோ குப்பையையோ அதே இடத்தில் எழுதிவிடும். வட்டும் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும், பிழைச் செய்தியும் மறைந்துவிடும். அங்கே முன்பு இருந்ததை மீட்கக் கடைசியாக இருந்த வாய்ப்பும் கூடவே போய்விடும்.

ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஏடு, பற்றி. ஈஎக்ஸ்டி3 காலத்திலிருந்து, அதாவது 2001-இலிருந்து, ஜர்னல் இருக்கிறது. ஈஎக்ஸ்டி4, 2008 கடைசியில் 2.6.28 கெர்னலோடு வந்தது. இரண்டிலும் வழக்கமான அமைப்பில் ஜர்னலுக்குள் போவது கோப்பு முறைமையின் கணக்கு மட்டும்தான்: எந்தக் கோப்பு எங்கே, எந்த பிளாக் யாருக்கு என்பவை. கோப்பின் உள்ளடக்கம் போவதில்லை. ஐந்து நொடிக்கு ஒரு முறை ஜர்னலை முத்திரையிடும். திடீரென்று மின்சாரம் போனால் அடுத்த முறை எழும்போது அதைப் படித்துக் கணக்கை நேர்செய்துகொள்ளும். இதனால்தான் வேகத்தடையின் அலுவலகத்தில் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் எழுதுகோல் தட்டின் மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைப் பிடுங்கினால், அந்த செக்டர் (வட்டு ஒரே மூச்சில் எழுதும் சிறு துண்டு) பாதி பழையது, பாதி புதியது என்று நின்றுவிடலாம். அதன் பிழைதிருத்தக் குறியீடு பொருந்தாது. வட்டு அதைப் படித்துத் தராது.

இப்போது உங்கள் எண்ணுக்கு வருவோம். இது எனக்குப் பிடித்த வேலை, பொறுத்துக்கொள்ளுங்கள். 4 கேபி பிளாக் கொண்ட ஈஎக்ஸ்டி4-இல் 32,768 பிளாக்குகள் ஒரு குழு. 1048611-ஐ 32768-ஆல் வகுத்தால் ஈவு 32, மீதி 35. அதாவது 32-ஆம் குழுவின் தொடக்கத்தில் இருக்கிறீர்கள். வழக்கமான அமைப்பில் பதினாறு குழுக்களின் கணக்கு ஏடுகளைச் சேர்த்து ஒரே இடத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். முதல் 32 பிளாக்குகள் எது காலி, எது நிரம்பியது என்ற வரைபடங்கள். அதற்கடுத்து ஐநோட் அட்டவணை; ஐநோட் என்பது ஒரு கோப்பின் விவரங்களையும் இருக்கும் இடத்தையும் சொல்லும் குறிப்பு. மீதி 35 என்றால் அந்த அட்டவணையின் நான்காவது பிளாக். ஒரு ஐநோட் 256 பைட். ஒரு பிளாக்கில் பதினாறு.

உங்கள் தொழில்மொழியில் சொன்னால், அலமாரியில் புத்தகம் இருக்கிறது, அட்டைப் பெட்டியில் பதினாறு அட்டைகள் நனைந்து ஒட்டிக்கொண்டுவிட்டன. அந்தப் பதினாறில் ஒன்றை மட்டும் யாரோ திருத்த முயன்றபோது மின்சாரம் போயிருக்கும். மற்ற பதினைந்தும் பக்கத்து இருக்கைக்காரர்கள், ஒரு பாவமும் செய்யாதவர்கள். அவர்கள் யார் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் இழப்பு. இயங்குதளத்தின் லாக் கோப்புகளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம்.

செய்ய வேண்டியது இது. குறைந்தது 1 டெராபைட், முடிந்தால் 2 டெராபைட்டில் புது வட்டு ஒன்று வாங்குங்கள். வேறொரு கணினியில் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற மீட்பு லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, இரண்டு வட்டுகளையும் மாட்டி, அதிலிருந்து எழுப்புங்கள். பழுதான வட்டை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ அதிலேயே இருக்கிறது. டிடி என்ற சாதாரண நகல் கட்டளை பிழை வந்த இடத்திலேயே நின்றுவிடும். இது முதலில் படிக்க முடிந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு, மறுத்த இடங்களைக் கடைசியில் வந்து தட்டிப் பார்க்கும். எங்கே நின்றது, எதை விட்டது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். அந்த வரைபடக் கோப்பை இன்னொரு பென்டிரைவில் வையுங்கள். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கட்டளையில் மூலம் முதலில், சேருமிடம் அடுத்து. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள், ஒவ்வொரு முறை எழும்போதும் அவை மாறலாம். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் மாடலையும் வரிசை எண்ணையும் காட்டச் சொல்லி, வட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளோடு ஒப்பிடுங்கள். 2013-இல் ஒரு விடியற்காலை நான்கு மணிக்கு நான் இரண்டையும் மாற்றிக் கொடுத்தேன். புது வட்டின் வெறுமையை எல்லாம் பழைய வட்டின் மேல் பத்திரமாக நகல் எடுத்தது. அதற்குப் பிறகு நான் எந்த ராத்திரியிலும் அந்தக் கட்டளையை ஒரு முறை உரக்கப் படிக்காமல் என்டர் அடித்ததில்லை.

நகல் முடிந்ததும் பழைய வட்டைக் கழற்றி உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். இனி எல்லாச் சோதனையும் நகலில்தான். முதலில் எஃப்எஸ்சிகே அல்ல. படிக்க மட்டும் என்ற தெரிவோடு மவுண்ட் செய்யுங்கள் (கோப்புகள் தெரியும்படி வட்டை இணையுங்கள்), நோலோட் என்ற தெரிவையும் சேருங்கள். படிக்க மட்டும் என்று சொன்னாலும் ஈஎக்ஸ்டி4 ஜர்னலை ஓட்டி வட்டில் எழுதும். நோலோட்தான் அதைத் தடுக்கும். பிறகு கோஹா தன் காப்புநகலை வைக்கும் இடத்தைப் பாருங்கள்: வார், ஸ்பூல், கோஹா, அதற்குள் உங்கள் நூலகத்தின் பெயரில் ஒரு கோப்புறை. அங்கே கிடைப்பதையும் வார், லிப், மைசீக்வல் முழுவதையும் இன்னொரு இடத்துக்கு நகலெடுங்கள். என்ன தெரிகிறது என்று இங்கே எழுதுங்கள்.

நல்ல செய்தி ஒன்று இருக்கலாம். விட்டுப்போன வேலைகளைப் பிறகு ஓட்டும் அனக்ரான் நிறுவாத டெபியனில் தினசரி வேலைகள் காலை 6.25-க்கு ஓடும். வெள்ளி மாலை ஐந்தரைக்கு நீங்கள் ஏற்றியதை சனிக்கிழமை 6.25-க்கு எடுத்த காப்புநகல் பிடித்திருக்க வேண்டும். மின்சாரம் போனது ஒன்பதுக்கு. இரண்டரை மணி நேரத்துக்கு முன்பே அது நினைவகத்திலிருந்து வட்டுக்கு இறங்கியிருக்கும், அரை நிமிடத்துக்கு மேல் எதையும் லினக்ஸ் கையில் வைத்திருப்பதில்லை.


ஏட்டுச்சுவடி
செவ்வாய், இரவு 8.15

இரவுப்பணி ஐயா, நீங்கள் சொன்னபடி உரக்கப் படித்துவிட்டு என்டர் அடித்தேன். ஆய்வகத்தில் இருந்த இரண்டு மாணவிகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வட்டு தன் உடல்நலம் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையையும் எடுத்தேன். 5-ஆம் எண், அதாவது மாற்றியமைத்த செக்டர்கள்: பூஜ்யம். 197-ஆம் எண், தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள்: 24. நகல் எடுக்க மூன்றரை மணி நேரம் ஆனது. கடைசி இருபது நிமிடம் ஒரே இடத்தில் நின்று கடக், கடக் என்று தட்டிக்கொண்டிருந்தது. அந்த இருபது நிமிடமும் நான் வராந்தாவில் நின்றேன். முடிவில் மீட்க முடியாதது 12,288 பைட் என்று காட்டியது.

இப்போது கவலை. படிக்க மட்டும், நோலோட் என்று மவுண்ட் செய்தேன். தரவுத்தளக் கோப்புறை முழுவதும் தடையில்லாமல் நகலானது. ஆனால் ஸ்பூல் கோஹாவுக்குள் போய்ப் பட்டியலிட்டால், எங்கள் கோப்புறையின் பெயர் மட்டும் இருக்கிறது. உரிமை, அளவு, தேதி இருக்கவேண்டிய இடமெல்லாம் வரிசையாக வினாக்குறிகள். உள்ளே நுழையவிடவில்லை. நனைந்த அட்டைகளில் ஒன்று இதுதானா?


இரவுப்பணி
செவ்வாய், இரவு 8.50

இதுதான். தேடிப் பார்த்து நனைத்திருக்கிறது.

முதலில் எண்களைப் பாருங்கள். 24 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட், மொத்தம் 12,288. இப்போதைய வட்டுகளில் உள்ளே ஒரு செக்டர் 4,096 பைட், வெளியே எட்டாகப் பிரித்துக் காட்டும். ஆக உண்மையில் பழுதானது மூன்றே மூன்று இடம். மாற்றியமைத்தது பூஜ்யம் என்பதால் வட்டு கிழடுதட்டவில்லை, பாதி எழுதிய இடங்கள் மூன்று அகப்பட்டுக்கொண்டன என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அதை இனி சர்வரில் போடாதீர்கள்.

போனது அந்தக் கோப்புறையின் அட்டை. உள்ளே இருந்த கோப்புகளின் அட்டைகள் வேறு பிளாக்கில் இருந்தால் அவை பிழைத்திருக்கும், வீட்டு எண் இல்லாமல் அலைந்துகொண்டிருக்கும். மவுண்டை எடுத்துவிட்டு, நகலின் மேல் ஈ2எஃப்எஸ்சிகே-வை (ஈஎக்ஸ்டி4-க்கான எஃப்எஸ்சிகே) எஃப், ஒய் இரண்டு தெரிவோடும் ஓட்டுங்கள். ஆமாம், இப்போது ஒய் போடலாம், வேகத்தடை மகிழ்ச்சியடையட்டும். கெட்டுப்போனால் மூல வட்டு உறையில் இருக்கிறது, இன்னொரு நகல் எடுத்துக்கொள்வோம்.

அந்தக் கோப்புறையின் பெயர் நீக்கப்பட்ட ஐநோட்டைக் காட்டுகிறது என்று சொல்லி அதைத் துடைக்கும். பதறாதீர்கள். அடுத்த கட்டத்தில் எதோடும் ஒட்டாத ஐநோட் என்று சில எண்களைச் சொல்லி, வீடற்ற கோப்புகளைப் போடும் லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்ட் கோப்புறையோடு இணைக்கும். அந்த எண்கள்தான் நமக்கு வேண்டும்.


கோஹாப்பயனர்
செவ்வாய், இரவு 9.30

நானும் நூலகர், பொது நூலகம் ஒன்றில். இரவுப்பணி சொல்லாத இரண்டு விஷயங்கள் சொல்கிறேன்.

லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்டில் கோப்புகளுக்குப் பெயர் இருக்காது, எண் குறியும் ஐநோட் எண்ணும்தான். ஃபைல் என்ற கட்டளையைக் கொடுத்தால் ஜிசிப் (சுருக்கிய கோப்பு) என்று சொல்லும். கோஹா ஒவ்வொரு நாளும் இரண்டு கோப்புகள் எடுக்கிறது, ஒன்று தரவுத்தளம், மற்றது அமைப்புக் கோப்புகள். அமைப்புக் கோப்பில்தான் தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும், அதையும் விடாதீர்கள். ஜிசிப்பின் டி தெரிவால் ஒவ்வொன்றும் முழுமையாக இருக்கிறதா என்று சோதியுங்கள். தரவுத்தளக் கோப்பை இசட்கேட் கொண்டு பிரித்துக் கடைசி வரியைப் பாருங்கள். முடிந்தது என்ற குறிப்பும் தேதியும் நேரமும் இருந்தால்தான் அது முழு நகல். அந்த வரி இல்லாவிட்டால் பாதியில் அறுந்தது, எவ்வளவு பெரியதாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, வழக்கமான அமைப்பில் கோஹா இரண்டு நாள் காப்புநகலை மட்டும்தான் வைத்திருக்கும். திங்கட்கிழமை அந்தச் சர்வர் எப்படியோ எழுந்து, காலித் தரவுத்தளத்தோடு மூன்று நாள் ஓடியிருந்தால், நல்ல நகல்களை அதுவே அழித்துவிட்டு வெற்று நகல்களை வைத்திருக்கும். எழாமல் போனதே நல்லது.

தேடல் அட்டவணை போனதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஜீப்ரா வைத்திருப்பதெல்லாம் தரவுத்தளத்திலிருந்து எடுத்ததுதான், முழுவதையும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். புது வட்டில் டெபியனும் அதே பதிப்புக் கோஹாவும் போட்டு, கோஹா-ரெஸ்டோர் கட்டளைக்கு முதலில் தரவுத்தளக் கோப்பு, அடுத்து அமைப்புக் கோப்பு என்று கொடுங்கள். அதே பெயரில் நூலகத்தை முன்கூட்டி உருவாக்கி வைக்காதீர்கள், அது தகராறு செய்யும். பிறகு கோஹா-ரீபில்ட்-ஜீப்ரா.


வேகத்தடை
செவ்வாய், இரவு 9.45

மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் அலுவலகத்தில் நாளை காலை முதல் வேலையாக ஸ்மார்ட் அறிக்கை பார்க்கப் போகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.


ஈயப்பற்று
புதன், காலை 7.10

ரிச்சி தெருவில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கதையில் எல்லோரும் வட்டைப் பற்றியே பேசுகிறார்கள், யுபிஎஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை.

பாட்டரி மாற்றி எத்தனை ஆண்டு? நான்கைந்து ஆண்டு ஆன ஈய-அமில பாட்டரி நம் ஊர் வெயிலில் பத்து நிமிடம் நின்றதே அதிகம். உங்கள் யுபிஎஸ்ஸின் பின்புறம் பாருங்கள், யுஎஸ்பி துளை ஒன்று இருக்கும். அதிலிருந்து சர்வருக்கு ஒரு கேபிள் போக வேண்டும். பத்துக் கடைகளுக்குப் போனால் எட்டில் அந்தக் கேபிள் பெட்டியிலேயே கிடக்கிறது. கேபிளை மாட்டி, நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் நிறுவினால், பாட்டரி இறங்கும்போது யுபிஎஸ்ஸே சர்வருக்குச் சொல்லும், சர்வர் தானே முறையாக அணைந்துகொள்ளும். கத்துவதற்கு ஆள் தேவையில்லை, அழுத்துவதற்கும் ஆள் தேவையில்லை.

பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானாக எழு என்று இருப்பதை மாற்றுங்கள். மூன்று முறை எழுந்து விழுந்தது அதனால்தான். முதல் அடியை விட அந்த மூன்று அடிதான் எனக்குச் சந்தேகம்.

உங்கள் உதவியாளரிடம் ஒன்று சொல்லிக் கொடுங்கள். அந்தப் பொத்தானை ஒரே ஒரு முறை தட்டிவிட்டுக் கையை எடுத்தால் லினக்ஸ் ஒழுங்காக மூட்டை கட்டிக்கொண்டு அணையும். நான்கு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால்தான் கழுத்தைப் பிடிப்பது மாதிரி.


ஏட்டுச்சுவடி
வியாழன், மாலை 6.30

முதலில் விடை: கிடைத்துவிட்டது.

ஈ2எஃப்எஸ்சிகே லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்டில் நான்கு கோப்புகளைக் கொண்டுவந்து போட்டது. முதல் கோப்பின் பெயர் எண் குறியோடு 262231. நான்குமே ஜிசிப். இரண்டு பெரியவை, இரண்டு சிறியவை. பெரியவற்றில் ஒன்றை டி தெரிவால் சோதித்தேன், ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டது. பேசாமல் திரும்பினால் நலம் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கடைசி வரியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைத் தேதி. வயிறு கலங்கியது. மற்றதைத் திறந்தேன். முடிந்தது, சனிக்கிழமைத் தேதி, 6:26:17.

அந்த நேரத்தில் நான் வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்திருப்பேன்.

புது வட்டில் டெபியன், அதே பதிப்புக் கோஹா, ரெஸ்டோர், ஜீப்ரா. புதன் இரவு ஒன்பதரைக்குத் தேடல் பெட்டியில் அன்பளிப்பு நூல்களில் கடைசியாக நான் பட்டியலிட்ட நூலின் சேர்க்கை எண்ணை அடித்தேன். வந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் பென்சிலால் போட்டிருந்த குறியோடு 1,180-ஐயும் வரிசையாகச் சரிபார்த்தோம், மாணவிகள் இருவரும் நானும். சிரித்தவர்கள்தான். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று அவர்களிடம் சொன்னேன். 2000-இல் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களில் முதலில் ஓடியது என்றும் சொன்னேன். அப்போது எங்களுக்குப் பசி வந்துவிட்டது.

இரவுப்பணி ஐயா, எடுத்து வைத்த தரவுத்தளக் கோப்புறையைத் தொடவில்லை. சனிக்கிழமை 6.25-க்கும் 9-க்கும் நடுவில் நூலகம் திறக்கவே இல்லை, அதனால் அதில் புதிதாக ஒன்றும் இருக்க வழியில்லை என்று விட்டுவிட்டேன். தவறென்றால் சொல்லுங்கள்.

ஈயப்பற்று ஐயா, யுபிஎஸ்ஸின் பெட்டி பரண் மேல் இருந்தது. கேபிள் உள்ளேயே இருந்தது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். பாட்டரி மாற்ற விண்ணப்பம் எழுதியிருக்கிறேன், அது கையெழுத்தாகி வரும்போது இன்னொரு மின்தடை வந்துவிடும். அதுவரை அறிவிப்பைச் செய்தித்தாளில் பார்த்து வெள்ளிக்கிழமையே சொல்லும் பொறுப்பை அலுவலக உதவியாளர் தானே எடுத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, இன்று காலை வந்து இதைச் சொல்லிவிட்டுப் போனார். பொத்தானை எப்படித் தட்டுவது என்று அவருக்குக் காட்டினேன். இரண்டு முறை தட்டிப் பார்த்தார், இரண்டு முறையும் ஒழுங்காக அணைந்தது.

காப்புநகல் இப்போது தினமும் ஏழு மணிக்கு ஆய்வகக் கணினி ஒன்றுக்கும் ஆர்சிங்க் வழியாகப் போகிறது. நோட்டின் 31-ஆம் பக்கத்தை எழுதத் தொடங்கிவிட்டேன், மூன்று பக்கம் ஆகிவிட்டது, இன்னும் டிடிரெஸ்க்யூவுக்கு வரவில்லை.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். கோஹாப்பயனருக்குத் தெரிந்திருக்கலாம். சர்வர் இல்லாத நாட்களில் 63 நூல்களைப் பழைய முறையில் நோட்டில் எழுதிக் கொடுத்தேன், அவற்றை உள்ளே ஏற்றிவிட்டேன். ஆனால் திருப்பிக் கொடுக்க வந்தவர்களை அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். இப்போது அவர்கள் எல்லோருக்கும் தாமதக் கட்டணம் ஏறி நிற்கிறது. என் சர்வர் படுத்ததற்கு அவர்கள் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?


கோஹாப்பயனர்
வியாழன், இரவு 7.05

கருவிகள் பகுதியில் நாட்காட்டிக்குப் போய்த் திங்கள் முதல் வியாழன் வரை நூலகம் மூடியது என்று குறியுங்கள். பிறகு அமைப்பு விருப்பங்களில் தாமதக் கட்டண நாட்காட்டி என்பதற்கு நேரே, மூடிய நாட்களைக் கணக்கில் சேர்க்காதே என்று இருக்கிறதா பாருங்கள். இனி வரும் கணக்கில் அந்த நாட்கள் விலகிவிடும். ஏற்கெனவே ஏறிய தொகை நிற்பவர்களுக்கு மட்டும், அவரவர் கணக்கில் போய்த் தள்ளுபடி செய்ய வேண்டியிருக்கும்.


ஏட்டுச்சுவடி
வியாழன், இரவு 8.20

குறித்துவிட்டேன். பதினேழு பேருக்குத் தள்ளுபடி, மொத்தம் 68 ரூபாய். அதற்கான காரணத்தை எழுதும் கட்டத்தில் "மின்தடை" என்று போட்டேன்.